முந்திக்கொண்ட சத்தம்

மைத்துனன் வாக்கி டாக்கியில் "அடிக்கிறேன் அத்தான்" என்று சொல்வதற்கு முன்பே மண்ணுக்கடியில் 'டொப்' என்றது.

கேபிள் பழுது தேடும் டெஸ்டரான அத்தான், ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார். புதிதாகப் புதைத்த மின்கேபிள். தெருக்கோடியில் நிற்கும் வேனிலிருந்து மைத்துனன் மிஷினை வைத்துக் கேபிளுக்குள் மின்சாரத்தை அடி அடியாகச் செலுத்துவான்; பழுதான இடத்தில் சத்தம் கேட்கும். தரையில் மைக்கை வைத்து அதைத் தேடிப் போவது இவர் வேலை. வீட்டில் பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற ஆளுக்கு, மண்ணுக்குள் ஒட்டுக்கேட்கிற உத்தியோகம்.

"மாப்ள, சொல்றதுக்கு முன்னாடியே அடிக்காத."

"நானா? அக்கா காலைல திட்டினது உங்க காதுல இன்னும் ஓடிட்டிருக்கும்."

மனைவி திட்டியது உண்மைதான். கடைக்குட்டித் தம்பியை இந்தக் கரண்ட் வேலையில் இழுத்துவிட்டது நீங்கள், அவனுக்கு ஒன்று ஆனால் வீட்டுப் பக்கம் வராதீர்கள் என்று.

மழை விட்ட சாயங்காலம். தோண்டி மூடிய மண்ணிலிருந்து ஈர வாடையும், அதற்கடியில் எங்கோ கருகிய ரப்பர் வாடையும் மெல்ல மேலேறி வந்தன. மறுபடி சத்தம். இந்த முறை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, நனைந்த துணிமூட்டையைத் தரையில் இழுப்பதுபோல் இன்னொன்று. மைக்கை வைத்த இடத்தில் இப்போது சத்தம் குறைவு. சற்றுத் தள்ளி வைத்தார். அங்கே அதிகம்.

பழுது இருந்த இடத்திலேயே இருக்கும். நடந்து போகாது.

"மிஷினை நிறுத்து மாப்ள."

"நிறுத்தியாச்சு."

டொப்.

சத்தம் வேனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மிஷினை நிறுத்தினால், கேபிளில் தேங்கிய மின்சாரத்தை மண்ணுக்கு இறக்க, அதன் அறுத்த முனையில் எர்த் கம்பியை மாட்ட வேண்டும். யாரும் சொல்லத் தேவையில்லை. கால் தானாகப் போகும். அப்படிப் போகும்படி அவனைப் பழக்கியவர் அவரேதான்.

"முனைகிட்ட போகாத. எர்த் பண்ண வேணாம். கேக்குதா?"

"மாட்டிட்டேனே அத்தான்." கொஞ்சம் பொறுத்து, தணிந்த குரலில்: "இது என்னது, உள்ள…"

ஓடினார். டொப். காலடியில். டொப். முன்னால். மூச்சு இரைத்தது. டொப்.

வேனுக்குப் பின்னால் எர்த் கம்பி ஒழுங்காக மாட்டியிருந்தது. பூட்ஸ் இரண்டும் நின்றன. ஆள் இல்லை.

மணிக்கட்டுப் பருமன்கூட இல்லாத கேபிளின் வாயிலிருந்து மைத்துனனுடைய நீலச் சட்டையின் கை ஒன்று தொங்கியது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு விரற்கடை உள்ளே போயிற்று.

பாய்ந்து பிடித்தார். காலை ஊன்றி இழுத்தார்.

"விடமாட்டேன் மாப்ள. விடமாட்டேன்."

சட்டைக் கைக்குள்ளிருந்து விரல்கள் வந்து அவர் கையைப் பற்றின. சூடாக. இறுக்கமாக. ஒவ்வொன்றாக மடங்கின.

ஐந்தோடு நிற்கவில்லை.