திரைக்குப் பின்னால் இரண்டு பேஸ் கித்தார்கள்

"என் சொந்த கித்தாரே எனக்கு அடையாளம் தெரியலைன்னு மெம்ஃபிஸ் ஊர் பூரா சிரிக்குது, ரெய்னி சார்" என்றாள் ஒடெஸ்ஸா டில்லரி. சொன்னவள் உட்காரவும் இல்லை, கையிலிருந்த இரண்டு பெட்டிகளைக் கீழே வைக்கவும் இல்லை.

ரெய்னி இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் காலமெல்லாம் துப்புத் துலக்கி ஓய்வு பெற்றவர். இடி விழுந்தாலும் காப்பியை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அவருடைய உதவியாளன் லூஷியஸுக்கோ அந்தப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. பெட்டிகளை வாங்கித் திறந்தான். ஒரே உருவம், ஒரே நிறம், இரண்டு பேஸ் கித்தார்கள். ஒன்று ஒடெஸ்ஸா இருபது வருஷமாக வாசிக்கும் அசல். மற்றது அதே கம்பெனி பத்தில் ஒரு பங்கு விலைக்கு விற்கும் மலிவுப் பதிப்பு. ஸ்டூடியோக்காரர் கார்லண்ட் வாங்கியது. சோதித்துப் பார்க்க அதையும் கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

நடந்தது இதுதான். மலிவு கித்தாரே போதும், புது ஆல்பத்துக்கு என் மருமகன் டோபின் வாசிக்கட்டும் என்று கார்லண்ட் சொல்லியிருக்கிறார். இரண்டுக்கும் சத்தத்தில் வித்தியாசம் எனக்குத் தெரியும் என்று ஒடெஸ்ஸா மல்லுக்கு நின்றாள். சரி, திரை கட்டிச் சோதிப்போம், கண்டுபிடித்தால் ஆல்பம் உனக்கு என்றார் அவர். சனிக்கிழமை சாயங்காலம் டோபின் இரண்டு கித்தார்களையும் திரைக்குப் பின்னால் ஸ்டாண்டுகளில் வைத்தான். கார்லண்ட் ஏசியை அணைத்து, கதவைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டார். மறுநாள் சர்ச் முடிந்து எல்லாரும் கூடினார்கள். டோபின் முதல் ஸ்டாண்டில் இருந்ததை வாசித்து வைத்தான், பிறகு இரண்டாவதை. முதலில் வாசித்தது என்னுடையது என்றாள் ஒடெஸ்ஸா. வயர் சிக்கிக்கொண்டது, ஒரு நிமிஷம் என்று உள்ளேயிருந்து டோபின் குரல் கொடுத்தான். திரை விலகியபோது முதல் ஸ்டாண்டில் இருந்தது மலிவு கித்தார்.

லூஷியஸுக்கு உடனே பொறி தட்டியது. உள்ளே தந்தியின் சத்தத்தை வாங்குகிற காந்தச் சுருளை மாற்றி வைத்திருப்பார்கள் என்று திருகாணிகளைக் கழற்றினான். எதுவும் மாறவில்லை. எடை போட்டான், கம்பெனி பொறித்த வரிசை எண்ணைப் பார்த்தான், எல்லாம் சரியாகவே இருந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் ரெய்னியை மீட்டச் சொல்லிக் கேட்டான். எது எது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதுதான் அவனுக்கு எரிச்சலோ எரிச்சல். ஒருவேளை இந்தம்மாவுக்கும் தெரியவில்லையோ என்ற நினைப்பு வேறு வந்து தொலைத்தது.

ரெய்னி அசல் கித்தாரைத் திருப்பி முதுகைப் பார்த்தார். கழுத்தின் பின்பக்கம் கறுப்பாக ஒரு பழைய வடு. இது என்ன என்றார். ஒடெஸ்ஸா பல்லைக் கடித்தாள். கழுத்து சாயும் இடத்தில் ரப்பர் வைத்த ஸ்டூடியோவின் அதே முதல் ஸ்டாண்டில் ஒரே ஒரு ராத்திரி மறந்து வைத்துவிட்டுப் போனதன் பலன் அது. அசலின் மேல் பூசியிருப்பது அரக்கு. வெக்கையில் ரப்பர் பட்டால் இளகிக் கறை பிடிக்கும். அன்றைக்கே அந்த ரப்பர் மேல் ஃபிளானல் துணி சுற்றிவிட்டாள். இரண்டாவது ஸ்டாண்டு வெறும் ரப்பராகவே இருந்தது.

"புறப்படலாமா?" என்றார் ரெய்னி. லூஷியஸுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஸ்டூடியோவில் கார்லண்டும் டோபினும் இருந்தார்கள். சனிக்கிழமை வைத்த இடத்திலேயேதான் இரண்டும் இருந்தனவா என்று ரெய்னி கேட்டார். வாசிக்க எடுத்ததைத் தவிர அசைக்கவே இல்லை என்று டோபின் சத்தியம் பண்ணினான். பூட்டைத் தானே திறந்ததாகக் கார்லண்டும் சொன்னார்.

"அப்படின்னா அசல் ராத்திரி பூரா வெறும் ரப்பர்ல இருந்திருக்கு. ஆகஸ்ட் மாசம், ஏசியும் இல்லே. புதுசா ஒரு வடு விழுந்திருக்கணும். காட்டுங்க பாப்போம்."

கார்லண்ட் ஒடெஸ்ஸாவின் கித்தாரை வாங்கி விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய வடுவைத் தவிர ஒரு கீறல் இல்லை.

"ராத்திரி அது துணி சுத்தின முதல் ஸ்டாண்டுல இருந்திருக்கு. அந்தம்மா சொன்னது சரி. வயர் சிக்கின நேரத்துல இடம் மாறியிருக்கு" என்றார் ரெய்னி. "மலிவு கித்தார் மேல கெட்டியான பிளாஸ்டிக் பூச்சு. அதை ரப்பர் ஒண்ணும் பண்ணாது. அதை மட்டுமே வெச்சுப் பழகினவனுக்கு இந்த விஷயம் எப்படித் தெரியும்?"

டோபின் தரையைப் பார்த்தான். கார்லண்டின் முகம் செத்துப்போனது. ஆனாலும் மருமகனை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"சரி, உங்களுக்குத் தெரிஞ்சுது, ஒத்துக்கறேன். ஆனா ஆல்பம் வாங்கறவன் எவனுக்கும் தெரியப்போறதில்லையே. அப்புறம் எதுக்கு இவ்வளவு ரகளை?"

லூஷியஸுக்குச் சுருக்கென்றது. அந்த எவனும் அவன்தானே.

ஒடெஸ்ஸா நிதானமாகக் கேட்டாள்: "யாருக்கும் தெரியாதுன்னா, இவன் எதுக்குப்பா மாத்தி வெச்சான்?"

கார்லண்ட் டோபின் பக்கம் திரும்பினார்.

"எனக்குக் கேட்டுச்சு மாமா. வாசிக்கறப்பவே கேட்டுச்சு" என்றான் டோபின். "இவங்க கண்டுபிடிச்சிடுவாங்கன்னு பயந்துட்டேன்."

திங்கட்கிழமை பத்து மணிக்கு ரெக்கார்டிங் என்று கார்லண்ட் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"வர்றேன்" என்று கித்தாரைப் பெட்டியில் வைத்து மூடினாள் ஒடெஸ்ஸா. "இவனையும் வரச் சொல்லு. காது நல்லாத்தான் இருக்கு பயலுக்கு, வெக்கம்தான் இல்லே."