மூன்றாவது இயந்திரத்தின் மேலிருந்த பச்சைப் பொட்டலம்

காலை ஒன்பதரை மணி. இன்ஸ்பெக்டர் பெங் யூலான் கொண்டுவந்த படத்தை மேசையில் விரித்தாள். நகத்தளவு சிப் ஒன்றின் உட்புறம், மேசை கொள்ளாமல் பெரிதாக்கி அச்சிட்டது. அதைப் பார்த்ததும் ஜிங்ஹே கம்பெனியின் முதலாளியம்மா ஃபான் ஷூஜென் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இது எங்களோடது."

"பதிவு ஹாவ்யுவான் கம்பெனி பேர்ல இருக்கு. போன மாசமே வாங்கிட்டாங்க" என்றாள் பெங்.

தைவானின் ஷின்சூவில் இம்மாதிரிக் கம்பெனிகள் சிப் செய்வதில்லை, வரைந்து கொடுக்கின்றன. வரைபடம் போனால் மிஞ்சுவது மேசையும் நாற்காலியும்தான். யார் வரைந்தது என்று ஊருக்கே தெரிந்திருந்தாலும், பதிவு செய்தவர் கையில்தான் உரிமை. மாலை நான்கு மணிக்கு வாடிக்கையாளர் வருகிறார். இது திருட்டு என்று அதற்குள் காட்டாவிட்டால் அவர் ஹாவ்யுவானோடு கையெழுத்துப் போட்டுவிடுவார். ஜிங்ஹேயில் பதினான்கு பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"ஹாவ்யுவான் என்ன சொல்றாங்க?"

"தாங்களே யோசிச்சு வரைஞ்சதா சொல்றாங்க. ரெண்டு பேருக்கு ஒரே யோசனை வரலாம், சட்டம் அதை ஒத்துக்குது."

வரைபடப் பொறியாளர் வென் காய்ரூ மேசையருகே வந்தார். படத்தின் கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். அவர் காது சிவந்திருந்தது.

"இது என் குப்பை."

"புரியற மாதிரி சொல்லுங்க."

"பேய் மாசப் படையல் அன்னிக்குக் காலைல, மிஷின் ரூம்ல உக்காந்து சும்மா போட்டுப் பார்த்தேன். எதோடயும் இணைப்பு இல்ல, ஒரு வேலையும் செய்யாது. மறுநாள் வந்ததும் அழிச்சிட்டேன். யோசிச்சு வரையறவன் எவனும் இதை வரைய மாட்டான்."

பெங்குக்கு இது போதும். அந்தக் கட்டம் இருந்த ஒரே நாளில்தான் திருட்டு நடந்திருக்கிறது. அன்று காலை முழுக்க அந்த அறையில் வென் இருந்தார். மாலை ஐந்துக்குக் கட்டடத்தைப் பூட்டிவிட்டார்கள். இடையில் பிற்பகல், பேய் மாதத்தில் உலவும் ஆவிகளுக்கான படையல். வாசலில் மேசை போட்டு, பழமும் பிஸ்கட்டும் பொரிப் பொட்டலமும் பீரும் அடுக்கி, ஊதுபத்தி எரிந்து முடியும்வரை கம்பெனியே வெயிலில் நின்றது. நடுநடுவே எல்லோரும் உள்ளே போய்வந்தார்கள்.

"மிஷின் ரூம் சாவி யார்கிட்ட?"

"மூணு பேர்கிட்ட. வென், மிஷின்களைப் பாத்துக்கற லுவோ, சட்டப் பிரிவு ஷி" என்றார் ஷூஜென். "கேமரா இல்ல. எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. சின்ன கம்பெனி, நம்பிட்டேன்."

பெங் தனியாக அந்த அறைக்குப் போனாள். நான்கு இயந்திரங்கள். ஒவ்வொன்றின் மேலும் பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலம். அது இருந்தால் இயந்திரம் சொன்ன பேச்சு கேட்கும் என்பது தைவான் முழுக்க உள்ள நம்பிக்கை. பெங்கின் காவல் நிலையத்துக் கணினி மேலும் ஒன்று உண்டு. இங்கே பொட்டலங்களின் மேல் மார்க்கரால் இயந்திரத்தின் எண் எழுதியிருந்தது. மூன்றாவதன் மேலிருந்ததில் மட்டும் எதுவும் இல்லை. வரைபடங்கள் இருப்பது அதில்தான்.

பெங் மண்டியிட்டு அதன் பின்னால் கைவிட்டாள். தூசியோடு இன்னொரு பச்சைப் பொட்டலம் வந்தது. மேலே மூன்று என்று எழுதியிருந்தது. திருப்பித் தேதியைப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு லுவோ ஜியெஷெங் வந்தான். உட்கார் என்று சொல்லியும் உட்காரவில்லை.

"பொட்டலத்துக்கெல்லாம் நீதான் பொறுப்பா?"

"ஆமா மேடம். பச்சைதான் வைக்கணும். மஞ்சளும் சிவப்பும் வெச்சா மிஷின் விளக்கும் அதே நிறத்துல எரியும், கோளாறுன்னு அர்த்தம்."

"தேதி முடியக்கூடாதாமே?"

"முடிய விடுவேனா? எல்லாத்துக்கும் டிசம்பர் வரைக்கும் இருந்துச்சு. ஒரே பெட்டியில வாங்கினது."

"மூணாவதுல எண் எழுதலையே?"

"அது நான் வெச்சதில்ல. படையல் முடிஞ்சு மேல வந்தா அதுல புதுசு இருந்துச்சு. வென் அண்ணன் வெச்சிருப்பாருன்னு விட்டுட்டேன். என் அலமாரியில பாதி பெட்டி கிடக்கு, கேட்டிருந்தா கொடுத்திருப்பேன்."

அடுத்து ஷி போஹான். வெளிநாட்டில் சட்டம் படித்தவர், கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"பதிவைத் தள்ளிப் போடச் சொன்னது நீங்களாமே?"

"விற்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் வரைக்கும் சட்டம் டைம் கொடுக்குது. நாங்க இன்னும் விற்கவே ஆரம்பிக்கல. எதுக்கு அவசரம்?"

"படையல் அன்னிக்கு?"

"வாசல்ல நின்னேன். நடுவுல ஒரு போன் பேசப் போனேன்."

"மிஷின் ரூம் பக்கம்?"

"அந்த ரூமுக்கு இந்த வருஷம் முழுக்கப் போனதில்ல." ஷி சிரித்தார். "பொரி பொட்டலத்துக்குச் சலாம் போடுற ஆளுங்க, மேடம். அதையாவது உருப்படியா செய்யறாங்களா? தேதி முடிஞ்சதை மூணாவது மேல வெச்சிட்டு, மிஷின் அடங்கி நடக்கணும்னா எப்படி?"

பெங்கும் சிரித்துவைத்தாள்.

பிற்பகல் மூன்றேகால். நால்வரையும் அதே மேசையைச் சுற்றி உட்காரவைத்தாள். ஷூஜென் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருடினவர் வென் இல்ல" என்று ஆரம்பித்தாள் பெங். "அந்தக் கட்டம் குப்பைன்னு அவருக்குத் தெரியும். அதோட சேர்த்து விற்கிற அளவுக்கு அவர் முட்டாள் இல்ல."

வென் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"திருடினவர் மூணாவது மிஷின் மேல புதுப் பொட்டலம் வெச்சிருக்கார். லுவோவா இருந்தா அலமாரியிலிருந்து எடுத்து, பழக்கதோஷத்துல எண்ணும் எழுதியிருப்பான். இது தெருமுனைக் கடையில அவசரத்துல வாங்கினதா இருக்கணும். ஊதுபத்தி எரியறப்ப படையல் மேசைப் பொட்டலத்துல கை வைக்க அவருக்குப் பயம்."

"யாருக்கு?" என்றார் ஷூஜென்.

"ஷிக்கு."

"எனக்கு இதுல நம்பிக்கையே கிடையாதுன்னு காலைலயே சொன்னேனே" என்றார் ஷி.

"சொன்னீங்க. மூணாவது மேல இருந்தது தேதி முடிஞ்சதுன்னும் சொன்னீங்க. அது எப்படித் தெரிஞ்சது?"

"லுவோ சொல்லியிருப்பான்."

"எனக்கே தெரியாதே" என்றான் லுவோ.

பெங் பையிலிருந்து தூசி படிந்த பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள். லுவோ தேதியைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. படையலுக்கு இரண்டு வாரம் முன்பே முடிந்திருந்தது. பழைய பெட்டியிலிருந்து ஒன்று அவன் கண்ணில் படாமல் கலந்துவிட்டிருந்தது.

"தேதி பின்பக்கம் இருக்கு. கையில எடுத்துத் திருப்பினாத்தான் தெரியும். இந்த வருஷம் அந்த ரூமுக்கே போகாதவருக்கு எப்படித் தெரியும்? இதுல யார் விரல் ரேகை இருக்குன்னு பார்க்க அனுப்பப் போறேன். அதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிட்டா நல்லது."

ஷி கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"பாதி காப்பி ஆனப்ப நின்னுடுச்சு" என்றார் கடைசியில். "பேய் மாசம். வெளிய எல்லாரும் கும்பிட்டுட்டு இருக்காங்க. எடுத்துப் பார்த்தா தேதி முடிஞ்சிருக்கு. அதை மிஷின் பின்னால தள்ளிட்டேன். கடைக்கு ஓடினேன். புதுசு வெச்சதும் ஓட ஆரம்பிச்சுது."

"ஓடும்" என்றான் லுவோ, தன்னை மறந்து.

"எதுக்கு அண்ணே?" என்றார் ஷூஜென். பத்து வருடமாக ஷியை அப்படித்தான் அழைத்துவந்தார். "கம்பெனி தொடங்கின அன்னிக்கு என்கூட நின்னவர் நீங்க."

"அங்க பங்குதாரரா ஆக்கறேன்னாங்க. இங்க கடைசி வரைக்கும் நான் காகிதம் பாக்கறவன்தான்."

ஷூஜெனின் கண்கள் கலங்கின. அவர் அதை மறைக்கவில்லை.

பெங் ஷியின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினாள். திருட்டு வழக்கு அவளுடையது. ஹாவ்யுவானின் பதிவை ரத்து செய்வது பதிவு அலுவலகத்தின் வேலை. வாக்குமூலமும் அந்தக் குப்பைக் கட்டமும் இருந்தால் அதற்கும் நாளாகாது. வாடிக்கையாளருக்குக் காட்ட ஒரு நகல் போதும் என்று ஷூஜெனிடம் கொடுத்தாள்.

நான்கடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. ஷூஜென் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வென், நம்ம வரைபடத்தை இன்னிக்கே பதிவுக்கு அனுப்புங்க. அந்தக் கட்டத்தையும் பழையபடி சேர்த்துடுங்க."

"அது ஒரு வேலையும் செய்யாதே, முதலாளியம்மா."

"பதினாலு பேரைக் காப்பாத்தியிருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

கதவைத் திறக்கப் போனவர் நின்று, லுவோவின் பக்கம் திரும்பினார்.

"மூணாவதுக்கு வேற பொட்டலம் வை. தேதி பார்த்து வை."