பெட்டகத்தைத் திறந்த கட்டைவிரல்

"அப்போ அது யார் விரல், ஜெசிந்தா?"

திசு வளர்ப்புக் கூடத்தின் தலைவர் திருஞானம் மூன்றாவது முறையாகக் கேட்டார். சந்தேகம் அவருக்குக் காலைக் காபி மாதிரி. இல்லாவிட்டால் பொழுதே விடியாது. ஆனால் இன்று காரணமும் இருந்தது. நேற்று மதியம் யாரோ உயிரணுக்களைக் குளிரில் காக்கும் பெட்டக அறையைத் திறந்து, சரியாக மூடாமல் போய்விட்டார்கள். நாற்பது நோயாளிகளின் உயிரணுக்கள் வெப்பத்தில் செத்துப்போயின. பூட்டில் பதிவானது திருஞானத்தின் ரேகை. அவரோ அப்போது மதுரையில் இருந்தார்.

"எனக்கெப்படி சார் தெரியும்?"

"இங்க விரல் செய்யத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். என் ரேகையைத் திருடிட்டே. நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

பட்டாசு ஆலைகளில் கட்டைவிரல் நுனி கருகியவர்களுக்குப் புதுத்தோல் கொடுப்பதுதான் ஜெசிந்தாவின் வேலை. பட்டுப் புரதத்தையும் மக்கும் பாலிமரையும் கரைத்து, மெல்லிய இழைகளாக வீசும் இழைவீச்சி இயந்திரத்தில் ஊற்றுவாள். கட்டைவிரல் நுனி வடிவில் குழிந்த உலோக அச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத இழைகள் படிந்து பட்டுச்சாரம் ஆகும். நோயாளியின் உயிரணுக்கள் அதில் ஏறித் தோலைக் கட்டி முடித்ததும், கட்டடத்துச் சாரத்தைப் பிரிப்பதுபோல அது தானே கரைந்துவிடும். ஆறு வருடம் இதையே செய்தவளுக்குத் திருடி என்ற பட்டம். அழுகையை அடக்கிக்கொண்டு சாப்பாட்டுப் பையை எடுத்தாள்.

வாசலில் மாரிக்கனி நின்றிருந்தார். போன வருடக் கடைசியில் புதுக் கட்டைவிரல் வாங்கிக்கொண்டு போனவர்.

"தாயி, நேத்து செக்கப்புக்கு வந்தப்போ பாத்ரூமுன்னு நெனச்சு ஒரு கதவுல விரலை வச்சேன், தொறந்துடுச்சு. உள்ள ஒரே குளிரு. பயந்து, சரியா மூடாமலே ஓடிட்டேன். ராத்திரியெல்லாம் மனசே சரியில்ல."

ஜெசிந்தா அவர் கையைப் பிடித்துப் பெட்டகத்துக்கு இழுத்துப்போனாள். அவர் விரல் வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது.

"இவரும் உன் கூட்டாளியா?" என்றார் பின்னால் வந்த திருஞானம்.

ஜெசிந்தா இழைவீச்சியிலிருந்து அச்சைக் கழற்றிவந்து அவர் முன்னால் வைத்தாள். குழியின் அடியில் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது.

"சந்தனம் சார். போன வருஷ ஆயுத பூஜையில முதல் பொட்டு நான்தான் வைப்பேன்னு இந்த அச்சுக்குள்ள கட்டைவிரலால அழுத்தினீங்க. சாமிப் பொட்டு, யாரும் துடைக்கக் கூடாதுன்னும் சொன்னீங்க."

திருஞானம் குனிந்து பார்த்தார். சந்தனத்தில் அவருடைய ரேகை ஒரு வரி விடாமல் இருந்தது.

"அதுக்கப்புறம் இதுல எத்தனை விரல் செஞ்சிருக்கே?"

"நானூத்திப் பன்னிரண்டு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது கைப்பேசி ஒலித்தது. காவல் நிலையத்திலிருந்து பேசினார்கள். நகைக்கடை ஒன்றில் திருட்டாம். உடைந்த கண்ணாடியில் அவர் ரேகை கிடைத்திருக்கிறதாம்.

"ஐயோ, அது நான் இல்லைங்க!"

மறுமுனையில் இருந்தவர் அவசரப்படவில்லை.

"சரி சார். அப்போ அது யார் விரல்?"