சும்மா இருக்கும் நேரம்

அருந்ததி பேசிக்கொண்டிருந்தால் அவளுக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டர் அமைதியாக இருக்கும். பேச்சை நிறுத்திக் கைகளை மடியில் வைத்துக்கொண்டால் அதன் விசிறி மெல்ல முனகி, பிறகு சீறத் தொடங்கும். இதை முதலில் கவனித்தவள் தெரேசாதான். வேறு யாருக்கும் அருந்ததியை இவ்வளவு உற்றுப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மெஷின்கூட அவளுக்கு மரியாதை கொடுக்கிறது என்று நினைத்தபோது தெரேசாவுக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? டத்தோ கெராமட் ரோட்டில் பூட்டிக் கிடந்த தையல் கடையின் மாடியைக் கெஞ்சிக் கேட்டு வாங்கியவள் தெரேசா. வீடு வீடாக ஏறி, ஆளுக்கொரு பழைய கம்ப்யூட்டர் சாமான் கொடுங்கள் என்று திரட்டியவளும் அவள்தான். பிறை மின்நிலையத்தில் வேலை பார்த்த கந்தப்பு வயர் இழுத்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்துக் கொடுத்தார். இப்படித்தான் மூன்று கம்ப்யூட்டர்கள் எழுந்தன. பிள்ளைகள் படித்தது போக மிஞ்சிய நேரத்தில் அவை பொதுக் காரியத்துக்கு. வெளிநாட்டு விஞ்ஞானிகள் ஒரு பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கிப் போன் லைனில் உலகமெங்கும் அனுப்பினார்கள். விருப்பப்பட்டவர்கள் வாங்கிச் செய்து திருப்பி அனுப்பலாம். வானத்திலிருந்து வரும் இரைச்சலில் யாருடைய குரலாவது கலந்திருக்கிறதா என்று தேடும் கணக்கு அது. இந்த மாடியில் யார் பெயரில் அதிகத் துண்டுகள் முடிகின்றனவோ அவர் பெயர் திரையில் முதலில் நிற்கும். கடைசியாக வந்து சேர்ந்து, ஒரு சின்னச் சிப்பைத் தவிர ஒன்றும் கொடுக்காத அருந்ததியின் பெயர்தான் மாதக்கணக்கில் அங்கே நின்றது.

என்ன அடக்கம், உட்கார்ந்தால் சிலை மாதிரி இருக்கிறாளே என்று தெருவே அவளைக் கொண்டாடியது. அவளுக்குக் கண்ணுக்கு அடியில் கறுத்துக் கன்னம் ஒட்டிப் போனதைத் தெரேசாவும் பார்த்தாள். மெலிந்தாலும் அழகாகத்தான் இருக்கிறாள் என்று அதற்கும் பொறாமைப்பட்டாள்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் முருகனின் ரதம் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் புறப்பட, தெருவே அதன் பின்னால் போனது. அருந்ததியும் போனாள். தெரேசாவின் கணவர் பெஞ்சமின் தண்ணீர்ப் பந்தலில் உதவி செய்யப் போயிருந்தார். அன்று மத்தியானம், பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய, பால் கலக்காத சூடான தே ஓவோடு தெரேசா தனியாக மாடியேறினாள். ரோடெங்கும் உடைந்து கிடந்த தேங்காய்கள் வெயிலில் புளித்து, அந்த வாடையும் கற்பூரப் புகையும் ஜன்னல் வழியாக உள்ளே வந்து தொண்டையில் ஒட்டின. தூரத்து உறுமிச் சத்தம் காற்று திரும்பும்போதெல்லாம் நின்று நின்று கேட்டது. அருந்ததியின் மெஷின் சத்தமில்லாமல் கிடந்தது.

தெரேசா அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். அருந்ததியின் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை அடித்தாள். நீங்கள் சும்மா இருக்கும் நேரத்தைத் தரச் சம்மதமா என்று திரை கேட்டது. சம்மதம் என்று தட்டிவிட்டு, வெட்கமும் திருப்தியுமாகச் சாய்ந்தாள். விசிறி சீறியது.

கண் சிமிட்டியது போலத்தான் இருந்தது. அறை மங்கிக் கிடந்தது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. சாரலில் அவள் தோள் நனைந்திருந்தது. தே ஓ ஆறி, பையைச் சுற்றி எறும்பு மொய்த்தது. பட்டியலின் அடியில் இருந்த அவள் பெயர் இப்போது மூன்றாவதாக நின்றது. தூங்கிவிட்டோம் என்று நினைத்தாள். பெயரைப் பார்த்து முதலில் சந்தோஷம்தான் வந்தது.

எழுந்தாள். விசிறி நின்றது. உட்கார்ந்து மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

ஜன்னலில் இருட்டு. மோவாயில் எச்சில் வழிந்து காய்ந்திருந்தது. அவள் பெயர் இரண்டாவதாக இருந்தது.

இது தூக்கமில்லை. பெயரை அழிக்கத் தட்டினாள். சற்றுப் பொறுங்கள் என்றது திரை. பொறுத்தாள்.

மறுபடி விழித்தபோது கழுத்து மரத்திருந்தது. திரை இன்னமும் பொறுக்கச் சொன்னது. பொறுத்தால் நினைவு போய்விடும். பொறுக்காவிட்டால் பெயர் அழியாது.

பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. அவள் அசையாமல் நின்ற ஒரு கணத்தில் பக்கத்து மெஷின் சீறியது. அதிலும் அவள் பெயர். எல்லாவற்றையும் இணைக்கச் சொன்னவளே அவள்தான்.

ஓடினாள். படியில் மூச்சு வாங்கக் கொஞ்சம் நின்றாள். அவ்வளவுதான்.

“தெரேசா! எவ்வளவு நேரமா கூப்புடுறேன், காது கேக்கலையா?” பெஞ்சமின் அவளை உலுக்கிக்கொண்டிருந்தார். பின்னால் அருந்ததி நின்றாள். அவள் முகத்தில் மறுபடி ரத்தக்களை ஏறியிருந்தது.

“இன்னிக்கு ரதத்துக்கு முன்னால சும்மா நின்னேன்க்கா. நிக்கிறது எனக்கே தெரிஞ்சிச்சு. இப்படி நின்னு எத்தனை மாசமாச்சு!” என்றாள் அருந்ததி. கண் கலங்கியிருந்தது. மாடியில் அடங்கிக்கொண்டிருந்த விசிறிச் சத்தத்தைக் கேட்டதும் பேச்சை நிறுத்தினாள். தெரேசாவை ஏறிட்டுப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

உட்காரவைக்கலாம் என்று பெஞ்சமின் தெரேசாவை அணைத்து மாடிக்குக் கூட்டிப்போனார். அவள் கைகளை உதறினாள், விரல்களை மடக்கி நீட்டினாள், நிற்காமல் பேசினாள். “அருந்ததி, உன் பேரையே திரும்பப் போட்டுக்க. உன் இடம் எனக்கு வேணாம். கும்புடுறேன்மா.”

“வேணாங்க்கா” என்றாள் அருந்ததி, மெதுவாக. “நீங்கதானே எல்லாத்தையும் ஆரம்பிச்சீங்க. உங்க பேரே இருக்கட்டும்.”

“அதானே!” பெஞ்சமின் பக்கத்து மெஷினின் திரையைப் பார்த்துச் சிரித்தார். “ரெண்டாவது வந்துட்டியேலா! இப்ப எதுக்கு இப்படி ஆடிக்கிட்டு நிக்கிற? உக்காரு.”

“வேணாங்க. என்னைப் பேச விடுங்க. பேசிக்கிட்டே...”

அவர் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

இந்தத் தடவை இருட்டு வரவில்லை. எல்லாம் தெரிந்தது. எல்லாம் கேட்டது. கை இல்லை. நாக்கு இல்லை. அவளுக்குள் இரைச்சல். வானத்து இரைச்சல், துண்டு துண்டாக, ஒன்று முடிந்ததும் இன்னொன்று.

கோயிலிலிருந்து திரும்பியவர்கள் படியேறி வந்தார்கள். கந்தப்பு திரையைக் காட்டிச் சத்தம் போட்டார்.

“தெரேசாதான் முதல்!”

கைதட்டினார்கள். அருந்ததி எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள். விளக்கைச் சுற்றிய ஓர் ஈ தெரேசாவின் திறந்த கண்ணில் வந்து உட்கார்ந்தது. முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டது. வெள்ளை விழியின் மேல் மெல்ல நடந்தது.