ஏரிக்கரைக்கு இறங்கிய கல்மனிதன்

புருலாய் சோங்கோல் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். தம்பி எர்மெக் நடத்தும் சுற்றுலா முகாமின் வெள்ளைக் கம்பளிக் கூடாரங்களிலிருந்து ஆட்டுக்கறி வேகும் வாசனை வந்தது. காலையிலிருந்தே மேகம் மூடியிருந்தும் தண்ணீர் நீலமாகக் கிடந்தது. தோளில் தொங்கிய காமிராப் பையை அவள் இறக்கக்கூட இல்லை. சாப்பாட்டுக் கூடாரத்தின் முன்னால் அவன் நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

கல்மனிதன்.

மேட்டில், பழைய சமாதி ஒன்றின் தலைமாட்டில், ஆயிரம் வருடத்துக்கு மேலாகக் கிழக்கைப் பார்த்து நின்ற கற்சிலை. வலது கையில் கிண்ணம், இடது கை வாளின் பிடியில், மீசைக்குக் கீழே இறுகிய வாய். பின்னால் பனிமலை சிவக்கும் விடியலில் அவள் எடுத்த படத்தால்தான் அவனை நாடே அறிந்தது. பத்திரிகைக்காக மறுபடி அவனைப் படமெடுக்கத்தான் இப்போதும் வந்திருந்தாள்.

இப்போது அவன் கழுத்தில் பூப்போட்ட துண்டு ஒன்று தொங்கியது. கிண்ணத்தில் யாரோ சிகரெட்டை அணைத்திருந்தார்கள்.

"யாருடா இவனப் பிடுங்கிட்டு வந்தது?"

"நான்தான். வந்ததும் வராததுமா கத்தாத அக்கா. அவ்வளவு மேடேறி எவன் வர்றான்? இங்க நின்னா படத்துல ஏரியும் விழுது, இவனும் விழறான். போட்டோ அள்ளுது."

"அது சமாதிடா, மடையா! உன் மாமனார் சமாதியில இருக்கிற கல்லப் பிடுங்கிட்டு வந்து வாசல்ல நடுவியா?"

"மாமனார் மூஞ்சிய யாரு போட்டோ எடுப்பா?"

எர்மெக்கின் கேலிக்கு எப்போதும் முதலில் சிரிப்பவள் அவன் மனைவி சயிரா. இன்று சிரிக்கவில்லை. ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். ரொட்டி தீர்ந்திருந்தது. கத்தி பலகையை அறுத்துக்கொண்டிருந்தது.

புருலாய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். சயிரா திடுக்கிட்டு நிமிர்ந்து, கிசுகிசுத்தாள்.

"இவன் வந்ததுலருந்து இங்க யாருக்கும் யாரையும் பிடிக்கல, அண்ணி. நம்ம நாய்ங்க ரெண்டும் ஒண்ணையொண்ணு கடிச்சே செத்துப்போச்சு. ஒரே ஈத்துல பொறந்ததுங்க."

புருலாய் கல்லின் அருகே போனாள். கம்பளி கருகும் நாற்றம் அடித்தது. எங்கும் எதுவும் எரியவில்லை. வெயிலை மேகம் மூடி வெகுநேரமாகியிருந்தது. கல்மனிதனின் தோளைத் தொட்டாள்.

சுட்டது.

வெயிலில் காய்ந்த கல்லின் சூடு இல்லை அது. காய்ச்சல்காரனின் நெற்றிச் சூடு.

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து தேனிலவுக்கு வந்திருந்த ஜோடி ஒன்று படம் எடுத்துத் தரச் சொல்லிக் கைபேசியை நீட்டியது. வேண்டாம் என்று புருலாய் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் கல்மேல் சாய்ந்துவிட்டாள். சாய்ந்ததும் அவள் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது. புருஷன் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

"நீ தின்னும்போது சத்தம் வருது" என்றாள், மிக மெதுவாக.

பிறகு அவன் தலைமுடியைப் பற்றி முகத்தைக் கல்லில் மோதினாள்.

ஓடிப்போய்ப் பிரித்தார்கள். அந்தப் பெண் தன் கையையே பார்த்துக்கொண்டு அலறினாள். அவன் மூக்கிலிருந்து கொட்டிய ரத்தம் கல்கிண்ணத்தில் தேங்கியிருந்தது.

புருலாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வற்றியது.

"இவன மேல கொண்டுபோய் வைடா. இப்பவே!"

"வைக்கமாட்டேன். நீ படம் எடுத்துப் பேர் வாங்கலாம், நான் பிழைக்கக்கூடாதா? சின்ன வயசுலருந்து உனக்கு நான்னா இளக்காரம்!"

"ஆமாடா, இளக்காரம்தான்! செத்தவன் கையில சாம்பல் தட்டவிட்டவன வேற எப்படிப் பாக்குறது?"

கோபம் அவள் மார்பில் கொதித்து ஏறியது. நியாயமான கோபம்தான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று கிடந்தது. அவளுடையதல்ல அது. வார்த்தை இல்லாதது, மிகப் பழையது. அதற்கு எர்மெக்கைத் தெரியாது. அவன் மண்டை மட்டும் போதும்.

"அக்கா..." எர்மெக்கின் குரல் உடைந்து வந்தது. "உன் கையில."

கூடார முளை அடிக்கும் சுத்தியலை அவள் ஓங்கியிருந்தாள். எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

"உன் கையிலயும்தான்டா."

அவன் குனிந்து பார்த்தான். அடுப்புக் கம்பி. சிவக்கக் காய்ந்த முனை. அவன் உள்ளங்கை வெந்துகொண்டிருந்தது. அதுவரை அவனுக்கு வலிக்கவே இல்லை.

இரண்டும் ஒன்றாகக் கீழே விழுந்தன.

கயிறு கட்டிக் கல்லை லாரியில் ஏற்றினார்கள். மேட்டுக்குப் போகும் வழியில் இருவரும் பேசவில்லை. வாய் திறந்தால் என்ன வரும் என்ற பயம். பிடுங்கிய குழியைச் சுற்றிப் புல் கருகியிருந்தது. கல்மனிதனை நிமிர்த்திக் கிழக்குப் பார்த்து நட்டு, சுற்றிலும் கல் அடுக்கினார்கள். கிண்ணத்தைப் புருலாய் தன் தலைத்துணியால் துடைத்தாள்.

நாற்றம் போயிற்று. எங்கோ ஒரு வானம்பாடி கூவியது. எர்மெக் வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதான்.

"உன்னக் குத்தியிருப்பேன், அக்கா."

"தெரியும். நானும் விட்டிருக்கமாட்டேன்."

அன்று அவள் படம் எதுவும் எடுக்கவில்லை.

இலையுதிர்காலத்தில் எர்மெக் முகாமைக் கலைத்தான், லாரியை விற்றான். அதன்பின் எந்தத் தொந்தரவும் இல்லை. நாரின் நகரத்தில் முதல் பனி விழுந்த காலை, புருலாய் தன் வீட்டில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது.

"அக்கா," எர்மெக் கிசுகிசுத்தான். "உன் வாசல்ல பனி தங்கியிருக்கா, பாரு."

"இதென்னடா கேள்வி?"

"பாரேன்."

கதவைத் திறந்தாள். முற்றமெங்கும் வெள்ளை. படியை ஒட்டி மட்டும், ஓர் ஆள் மல்லாந்து கிடக்கும் நீளத்துக்கு, ஈர மண் தெரிந்தது. அதிலிருந்து ஆவியும், அதே கம்பளி கருகும் நாற்றமும் எழுந்துகொண்டிருந்தன.

"என் வாசல்லயும் தங்கல" என்றான் எர்மெக்.

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் ஒரு கடுஞ்சொல் பேசியிராத கணவன் தாலாய், அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"கதவ மூடு" என்றான், மிக மெதுவாக.

அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதில்லை.