தெரியும் வரை செருகவும்

யாரும் எதையும் செருகவில்லை. ஆனாலும் மேசைமேல் இருந்த லேப்டாப், ஏதோ செருகப்பட்டதுபோல அந்த இரட்டைச் சத்தத்தைப் போட்டது. டுடுங். யர்மோவின் கையில் மவுஸ் கேபிள் இன்னும் அந்தரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் கேபிளைப் பார்த்தான், லேப்டாப்பைப் பார்த்தான், பிறகு வழக்கம்போல இதன் சொந்தக்காரியை மனதுக்குள் திட்டினான்.

ஜூலை மாதக் கடைசி, செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணி. ஜூலையில் பின்லாந்து முழுக்கப் பூட்டிக் கிடக்கும். எல்லோரும் ஏரிக்கரைக் குடில்களில் சௌனா என்னும் நீராவி அறையில் வெந்து தண்ணீரில் குதித்துக்கொண்டிருப்பார்கள். நகராட்சி அலுவலகத்தின் நான்கு மாடியிலும் இருந்த ஒரே ஆள், கணினி உதவிப் பிரிவின் யர்மோ. ஜன்னல் வழியே அடித்த வெயிலில் மேசை சூடாகி வார்னிஷ் நாற்றம் கிளம்பியது, மின்விசிறி ஒரு பக்கம் கரகரவென்று சுற்றியது, கீழே புல்வெளியில் காவலாளி பெண்ட்டியின் புல் வெட்டும் இயந்திரம் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டின் நடுவே இந்த லேப்டாப் மட்டும் குளிர்ந்து கிடந்தது. நிலவறையிலிருந்து எடுத்த உருளைக்கிழங்கு மூட்டைபோலச் சில்லென்று இருந்தது. ஈரக் கல்லும் பழைய காகிதமும் கலந்த வாடை அடித்தது.

சாப்பிட்டுவிட்டு வந்தபோது அது மேசைமேல் இருந்தது. மேலே ஒட்டியிருந்த மஞ்சள் தாளில் பென்சிலால் ஒரு வரி: "எதைச் செருகினாலும் தெரியவில்லை. ஹெல்வி, ஆவணக் காப்பகம்."

ஹெல்வியை அவனுக்குத் தெரியும். அறுபத்து மூன்று வயது, தனியாள், நிலத்தடியில் பழைய கோப்புகளோடு குடித்தனம் நடத்துகிறவர். இந்த மாதிரி ஆட்களைப் பற்றி யர்மோவுக்கு இருபது வருடமாக ஒரே கருத்துதான். கெட்டுப்போவது கணினி இல்லை, அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள்தான். பாதி செருகிவிட்டுத் தெரியவில்லை என்பார்கள், தலைகீழாகச் செருகிவிட்டு உடைந்தது என்பார்கள். படிக்கிற அளவுக்குக்கூட இவர்களின் புகார்களுக்குத் தகுதி இல்லை என்று அவன் முடிவு கட்டி வெகுநாளாகிறது. முதல் வரியைப் பார்ப்பான். "உபயோகிப்பவர் தவறு" என்று போட்டு மூடுவான்.

மவுஸைச் செருகினான். தெரியவில்லை. இன்னொரு துளையில் செருகினான். தெரியவில்லை. பென் டிரைவ், கீபோர்டு, வேறு கேபிள், எல்லாம் பார்த்தாயிற்று. ரீஸ்டார்ட் செய்தான். சார்ஜரைப் பிடுங்கி, பட்டனை முப்பது நொடி அழுத்தி, மிச்சமிருந்த மின்சாரத்தை வடித்தான். யு.எஸ்.பி. சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினான். மவுஸின் அடியில் சிவப்பு விளக்குகூட எரியவில்லை.

டுடுங்.

இந்த முறை, என்னென்ன செருகப்பட்டிருக்கின்றன என்று காட்டும் பட்டியலை அவன் திறந்து வைத்திருந்தான். வெறுமையாக இருந்த பட்டியலில் ஒரு பெயர் வந்தது: கார்டு ரீடர். லேப்டாப்பில் கார்டு ரீடர் எதுவும் இல்லை. அவன் தூக்கி நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தான். அப்போதே பிடுங்கிய சத்தம் வந்தது, பெயர் மறைந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. மறுபடி டுடுங்.

செருகல். பிடுங்கல். இடையில் ஒரு மனுஷி வாய் குவித்து ஊதுகிற அளவுக்கு இடைவெளி. மறுபடி செருகல்.

துளைக்குள் அழுக்கு இருக்கும், அதுதான் தானாகத் தொட்டுத் தொட்டு விலகுகிறது என்று அவன் சமாதானம் செய்துகொண்டான். விளக்கை அடித்து உள்ளே பார்த்தான். ஏதோ இருந்தது. சின்ன இடுக்கியை விட்டு இழுத்தான். மேசைமேல் வந்து விழுந்தது உடைந்த நகத்துண்டு. கட்டைவிரல் நகம், அடிவரை பிய்ந்திருந்தது, வேரில் காய்ந்த பழுப்பு நிறம்.

"சீ" என்று யர்மோ அதைத் தாளால் தள்ளிவிட்டான். நகம் வெட்டக்கூட விவரம் இல்லாதவர்கள் கையில் லேப்டாப்பைக் கொடுத்தால் இப்படித்தான். கையைத் துடைத்தான். இரண்டு தரம் துடைத்தான்.

ஹெல்விக்கு நாலு வார்த்தை சூடாகச் சொல்லலாம் என்று போன் செய்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. குடிலில் இருப்பார், அங்கே யார் போனை எடுக்கிறார்கள். அடுத்து பெண்ட்டியைக் கூப்பிட்டான். கீழே புல் வெட்டும் சத்தம் நின்றது.

"என்னய்யா, மேல தனியா இருக்க பயமா இருக்கா?" என்றான் பெண்ட்டி.

"ஹெல்வி லேப்டாப்ப கொண்டாந்து என் மேசைல போட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லாம போயிருக்க. நான் என்ன குப்பைத்தொட்டியா?"

"நான் எங்கய்யா போட்டேன்? அந்தப் பாதாளத்துக்கு நான் எறங்கியே அஞ்சு வாரமாச்சு. யுஹன்னுஸ்க்கு மொத நாள் மத்தியானம் மேல இருந்த கதவெல்லாம் பூட்டுனதோட சரி."

"அப்ப யாரு போட்டா?"

"உன் ரசிகைங்க யாராவது இருக்கும்." பெண்ட்டி சிரித்தான். பிறகு ஏதோ நினைவு வந்து குரலை மாற்றினான். "அந்தம்மாவ பாத்தா சொல்லு. அது சைக்கிள் அன்னிலேர்ந்து இங்கயே கெடக்கு. டயர்ல காத்துகூட எறங்கிப்போச்சு. குடிலுக்கு பஸ்ல போச்சோ என்னவோ."

புல் வெட்டும் சத்தம் மறுபடி தொடங்கியது. யர்மோ போனைச் சார்ஜரில் போட்டான்.

யுஹன்னுஸ், கோடை நடுவில் வரும் பண்டிகை. அதற்கு முதல் நாள் எல்லோரும் மதியத்தோடு கிளம்பிவிடுவார்கள், பலருக்கு நீண்ட விடுமுறை அன்றே தொடங்கிவிடும். குடிலுக்குப் போனவரை யாரும் தேடமாட்டார்கள். தேடுவது மரியாதை இல்லை. ஒருவர் ஐந்து வாரம் கண்ணில் படாவிட்டால், கொடுத்துவைத்தவர் என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

அவன் தன் கணினியில் பழைய புகார்களைத் திறந்தான். ஹெல்வியின் பெயரில் பதினொன்று இருந்தன. பதினொன்றும் மூடப்பட்டவை. முதல் வரி எல்லாவற்றிலும் ஒன்றுதான்: கார்டு ரீடரைச் செருகினால் தெரியவில்லை. இப்போதுதான் முதல் தடவையாக அவன் இரண்டாவது வரியைப் படித்தான்.

"நான் உள்ளே இருக்கிறேன். கதவு திறக்கவில்லை."

ஆவணக் காப்பகம் என்பது கட்டடத்துக்கு அடியில், பாறையைக் குடைந்து கட்டிய போர்க்காலப் பதுங்கறை. இரும்புக் கதவு. செல்போன் எடுக்காது. உள்பக்கம் கையால் சுழற்றித் திறக்கும் சக்கரம் ஒன்று இருந்தது. போன வருடம் அதைக் கழற்றச் சொன்னவன் யர்மோ. யார் எப்போது வெளியே போனார் என்பது பதிவாக வேண்டும் என்று கூட்டத்தில் பேசிக் கைதட்டல்கூட வாங்கினான். அன்றிலிருந்து உள்ளே இருப்பவர் வெளியே வர, லேப்டாப்பில் செருகிய ரீடரில் தன் அடையாள அட்டையை வைக்க வேண்டும். அந்த லேப்டாப்பில் மின்னஞ்சல் கிடையாது, பாதுகாப்பு என்று அதையும் அவன்தான் எடுத்தான். புகார் படிவம் மட்டும் உண்டு.

மூன்றாவது புகார்: "பண்டிகை என்று தெரியும். தொந்தரவுக்கு மன்னிக்கவும். ஊதிச் செருகிப் பார்த்துவிட்டேன்."

ஆறாவது: "பூச்செடிக்கு வைத்திருந்த தண்ணீர் முடிந்துவிட்டது."

ஒன்பதாவது: "நீங்கள் சொன்னபடி செய்துகொண்டே இருக்கிறேன்."

அவன் என்ன சொன்னான்? ஒவ்வொரு புகாருக்கும் கீழே அவன் எழுதி வைத்த பதில் தானாகவே போயிருந்தது. "பொருளை எடுத்து, ஊதிவிட்டு, மீண்டும் செருகவும். தெரியும் வரை செய்யவும்."

டுடுங், என்றது லேப்டாப்.

யர்மோவுக்கு எல்லாம் புரிந்தது. பயம்தான். ஆனால் ஹெல்விக்காக இல்லை. நல்ல மனிதனாக இருந்திருந்தால் ஜன்னலைத் திறந்து பெண்ட்டிக்கு ஒரு குரல் கொடுத்திருப்பான். அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். பதினொரு புகாரையும் தேர்ந்தெடுத்தான். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது. ஆம் என்றான். இனி மிச்சம் இருப்பது இந்த லேப்டாப். இதை அதன் இடத்தில் வைத்து, ரீடரை ஒழுங்காகச் செருகிவிட்டு வந்தால், கருவியில் கோளாறே இல்லை, அந்தம்மாவுக்குத்தான் செருகத் தெரியவில்லை என்று ஆகிவிடும். உபயோகிப்பவர் தவறு.

போனைச் சார்ஜரில் விட்டுவிட்டு லேப்டாப்போடு இறங்கினான். படிகளில் வெயில் தரைத்தளத்தோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே குழல்விளக்கு, அதற்கும் கீழே சிமெண்டுச் சுவரில் வியர்த்த ஈரம். லேப்டாப் வழியெல்லாம் கையில் சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. இறங்க இறங்க இடைவெளி குறைந்தது. யாரோ அவசரப்படுவதுபோல.

கதவின் வெளிப்பக்கம் தன் அட்டையைக் காட்டினான். பச்சை. மூக்கைப் பொத்திக்கொண்டு திறந்தான். அவன் எதிர்பார்த்த நாற்றம் இல்லை. காகிதம், கல், அவ்வளவுதான். அதுதான் அவனுக்கு இன்னும் மோசமாகப் பட்டது.

அவன் ஒன்றும் முட்டாள் இல்லை. காலில் இருந்த தடித்த சாண்டலைக் கழற்றிக் கதவிடுக்கில் வைத்தான். ஒரு காலில் சாண்டல், ஒரு காலில் வெறும் காலுறை. தரையின் குளிர் பாதத்தில் ஏறியது.

உள்ளே ஆள் அசைந்தால் எரியும் விளக்குகள். முதல் வரிசை எரிந்தது. மேசை. நாற்காலி. வாடிய செடி. மேசைத் தூசியில் லேப்டாப் இருந்த இடம் மட்டும் சதுரமாகச் சுத்தம். ரீடர் இல்லை. ஹெல்வியும் இல்லை.

அவன் லேப்டாப்பை அந்தச் சதுரத்தில் வைத்தான். கச்சிதமாகப் பொருந்தியது.

பின்னால் ரப்பர் நசுங்கும் சத்தம். திரும்பினான். முந்நூறு கிலோ இரும்பு அவன் சாண்டலை அவசரமே இல்லாமல் தட்டையாக்கிக்கொண்டு சாத்திக்கொண்டது. ஓடிப்போய்த் தள்ளினான். சக்கரம் இருந்த இடத்தில் நாலு திருகாணித் துளைகள். அவற்றைச் சுற்றிப் பெயிண்ட் கீறிப்போயிருந்தது. கீறலெல்லாம் ஒரே உயரத்தில், ஒரு குள்ளமான பெண்ணின் கை எட்டும் உயரத்தில்.

கத்தினான். பாறை அதை வாங்கிக்கொண்டது.

மேசைக்கு ஓடி வந்தான். இழுப்பறைகளைக் கவிழ்த்தான். ரீடர் இல்லை. லேப்டாப் இப்போது சத்தம் போடவில்லை. புகார் படிவத்தைத் திறந்தான். அவசரமாகத் தட்டினான்: உள்ளே மாட்டிக்கொண்டேன், கதவு திறக்கவில்லை, உடனே வரவும். அனுப்பினான். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. இந்த மாதம் புகார்களைப் படிக்க வேண்டிய ஆள் ஒருவன்தான். அவன் இங்கே நிற்கிறான்.

பதில் வந்தது. பொருளை எடுத்து, ஊதிவிட்டு, மீண்டும் செருகவும். தெரியும் வரை செய்யவும்.

அறையின் கடைக்கோடியில் விளக்கு எரிந்தது.

அவன் அசையவில்லை. அவன் தலைக்குமேல் இருந்த விளக்கு அணைந்தது. கடைசி வரிசை மட்டும் எரிந்தது. பிறகு அதற்கு முந்தையது. பிறகு அதற்கு முந்தையது. காலடிச் சத்தம் இல்லை. விளக்கு மட்டும் வந்தது. வரிசை வரிசையாக. அவசரம் இல்லாமல்.

தலைக்குமேல் எரிந்தது.

அவன் திரும்பவில்லை. கண்ணைத் திரையிலேயே வைத்திருந்தான். தோளுக்குமேல் ஒரு கை நீண்டது. பழைய காகிதத்தின் நிறம். கட்டைவிரலில் நகம் இல்லை. விரல்களுக்கு நடுவே ரீடர். அது துளையைத் தேடித் தடவிக் கண்டுபிடித்து, நிதானமாக, முழுக்க, மிகச் சரியாகச் செருகியது.

சத்தம் வரவில்லை. பட்டியல் வெறுமையாக இருந்தது.

கை ரீடரைப் பிடுங்கியது. பின்னுக்குப் போனது. அவன் காதோரம் சில்லென்று ஊதும் காற்று பட்டது.

கை மறுபடி நீண்டது.