ஒன்பது பர்சன்ட் மரணம்

செல்போன் அலறியது.

காட்டுப்பள்ளி துறைமுக வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஜெரி எரிச்சலோடு எடுத்தான்.

"இன்னா அம்மு?"

மறுமுனையில் எதிர்வீட்டு அம்மு விசும்பினாள்.

"ஜெரி... உங்க தாமஸ் மாமா கட்டில்ல அப்பிடியே கெடக்குறாருடா. கோட்டு சூட்டு போட்டுகினு... நெஞ்சு மேல கைய வெச்சுகினு... கூப்ட்டா அசையல. போலீஸுக்கு சொல்லிட்டேன்."

"போலீஸுக்கா? டாக்டருக்கு சொல்ல மாட்டியா?"

"நேத்து சாயங்காலம் நீ போட்ட சத்தத்த நானும் கேட்டேன்டா..."

லைன் கட்!

ஜெரி டீயைப் பாதியில் வைத்தான். மாமா போய்விட்டாரே என்று அழுவதா, அம்மு என்ன சொல்லித் தொலைத்தாளோ என்று பயப்படுவதா? இரண்டுக்கும் சேர்த்து அழுதுகொண்டே, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கை விரட்டினான்.

ராயபுரம்.

கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் இன்ஸ்பெக்டர் ராமசெல்வி. கட்டிலில் தாமஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிடையரான பிரம்மச்சாரி. ஊரறிந்த கஞ்சன். தீக்குச்சியை இரண்டாகப் பிளந்து கொளுத்துகிற ரகம்.

ஜெரி கட்டிலை நோக்கிப் பாய்ந்தான்.

"தொடாதே." ராமசெல்வி லத்தியைக் குறுக்கே நீட்டினார். "டாக்டர் வந்து பார்க்கிற வரைக்கும் எதுவும் கலையக் கூடாது. நேத்து மாமாகிட்ட என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல மேடம்."

வாசலில் நின்ற அம்மு வாயைத் திறந்தாள்.

"'நீ உசுரோட கீற வரைக்கும் எனக்கு ஒம்போது பர்சன்ட் நஷ்டம்'னு கத்துனியே."

இன்ஸ்பெக்டரின் புருவம் மேலே போனது.

"அது வரி மேடம்... இந்த வூட்ட மாமாகிட்ட நான் வாங்குறதா இருந்திச்சி. பேங்க் லோன் கூட ஓகே. கிரயம் பண்ணா முத்திரைக் கட்டணம் ஏழு, பதிவுக் கட்டணம் ரெண்டு. மாமா கஞ்சப்..." செத்தவரைத் திட்டக் கூடாது என்று நிறுத்திக்கொண்டான். "மாமா சிக்கனம். சட்டப்படி கொறைக்க வழி பாருடான்னாரு. வக்கீல் கைல கேட்டுகினு வந்தேன்."

"என்ன சொன்னார்?"

"பொம்பள பேர்ல வாங்குனா ஒரு பர்சன்ட் கொறையுமாம். ஆனா சொத்து பத்து லட்சத்துக்குள்ள இருக்கணும்."

"பத்து லட்சத்துக்கு ராயபுரத்துல மாடிப்படி கூட வராதே."

"அதான் மேடம். அப்பால, குடும்பத்துக்குள்ள தானமா எழுதிக் குடுத்தா கொஞ்சூண்டு கட்டுனா போதும். ஆனா அப்பன், ஆத்தா, புருஷன், பொஞ்சாதி, புள்ள, பேரன், கூடப் பொறந்தவங்க... அவ்ளோதான் குடும்பம். மாமனும் மருமவனும் அதுல வர்றதில்லியாம்."

"வேற?"

ஜெரி கட்டிலை ஒரு முறை பார்த்தான்.

"உயில் எழுதிட்டு செத்தா... முத்திரைக் கட்டணமே கெடியாது மேடம்."

ராமசெல்வி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"'வூட்ட ஓசில கூட குடுப்பேன்டா, ஒம்போது பர்சன்ட் குடுக்க மாட்டேன்'னு மாமா உடனே உயில எழுதிட்டாரு. நான்தான் கத்துனேன். நீ உசுரோட கீற வரைக்கும் ஒம்போது பர்சன்ட் நஷ்டம், பரவால்ல, நானே கட்டிக்கிறேன்னேன். அம்மு மொத பாதியோட கதவ சாத்திகினா போல."

அம்மு சுவரைப் பார்த்தாள்.

"நேத்து உயில். இன்னிக்கு மாமா காலி. வீடும் உனக்கு, வரியும் இல்லை. இதைவிட நல்ல மோட்டிவை என் சர்வீஸ்ல பார்த்ததில்லை."

விலங்கு ஜெரியின் கையில் ஏறியது. அவன் உடைந்து போனான்.

"வூடே வேணாம் மேடம். எனக்கு மாமா போதும்."

ராமசெல்விக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"உங்கம்மா இருக்காங்களா?"

"திருவொற்றியூர்ல கீறாங்க. பேரு ஃப்ளோரன்ஸ்."

"தாமஸுக்குச் சொந்தத் தங்கச்சியா?"

"ஆமா மேடம்."

"அட மடையா... அண்ணன் தங்கச்சிக்குத் தானமா எழுதியிருக்கலாம். அப்புறம் அந்தத் தங்கச்சி, தான் பெத்த புள்ளைக்கு எழுதியிருக்கலாம். ரெண்டுமே குடும்பம். ரெண்டு தடவை கட்டினாலும் ஒம்பது பர்சன்ட் பக்கத்துல கூட வராது. இதுக்குப் போய் ஒரு கொலையா?"

"இன்னாது?"

குரல் கட்டிலிலிருந்து வந்தது!

அம்மு வீல் என்று அலறினாள். இன்ஸ்பெக்டரின் லத்தி நழுவியது. பிணம் எழுந்து உட்கார்ந்தது...

"மாமா, நீ சாவலியா?"

"ட்ரை பண்ணிகினு கீறேன்டா. நேத்துலேர்ந்து சோறு தண்ணி இல்ல. ஆண்டவர் கூட்டிகினு போவாருன்னு கோட்டு மாட்டிகினு படுத்தேன். அவரு வரல, இவங்க வந்துட்டாங்க. நடுவுல எந்திரிச்சா மருவாதையா இருக்காதுன்னு கம்முனு கெடந்தேன்."

ஜெரி விலங்கோடு மாமாவைக் கட்டிக்கொண்டு தேம்பினான். ராமசெல்வி தலையில் அடித்துக்கொண்டு சாவியைத் தேடினார். எடுத்து விலங்கைத் திறந்தார்.

"பெரியவரே, சாக வேண்டாம். தங்கச்சியைக் கூட்டிட்டுப் பதிவு ஆபீஸுக்குப் போங்க."

தாமஸின் முகம் சுருங்கியது.

"ஃப்ளோரன்ஸையா?"

"ஆமா."

"அவகிட்ட நான் பேசணுமா?"

"பேசாம எப்படி?"

"நான் வெச்ச நண்டுக் கொயம்புல உப்பு இல்லன்னு, மொத்த சர்ச்சுக்கும் கேக்குற மாதிரி சொன்னவ மேடம் அவ. அன்னியோட பேச்சு கட்டு."

"மாமா, ஒரே ஒரு வார்த்த பேசு மாமா..." ஜெரி கெஞ்சினான்.

தாமஸ் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தார். மெல்ல மல்லாந்து படுத்தார். கைகளை நெஞ்சின் மேல் வைத்தார். கண்களை மூடிக்கொண்டார்.

"மேடம்... அந்த விலங்க அவனுக்கே மாட்டுங்க. நான் செத்துட்டேன்."